கடைசி அடி முதலில்

பக்கத்துக் கொட்டகைக்காரர் கண்ணில் படக் கூடாத பொருள் ஒன்று எங்கள் வீட்டில் உண்டென்றால் அது ஒடுங்கிப் போன பாத்திரம்தான். குடமோ குண்டானோ, எதில் ஒரு சின்ன ஒடுக்கு இருந்தாலும் அவர் கை தானாக அங்கே போய்விடும். காப்பி கொடுத்தால் குடித்து முடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இது எப்ப விழுந்துச்சு டீச்சர்? எந்தப் பக்கமா விழுந்துச்சு?" என்பார். டம்ளர் விழுந்த நாளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? தெரியாது என்று சொன்னாலும் விட மாட்டார். "நல்லா யோசிச்சுப் பாருங்க. தண்ணியோட விழுந்துச்சா, காலியா விழுந்துச்சா?" எனக்குப் பள்ளிக்கு மணி ஆகிக்கொண்டிருக்கும்.

திண்டுக்கல்லில் பழநி ரோட்டின் மேல் எங்கள் வீடு. அதை ஒட்டிய காலி மனையில் தகரக் கொட்டகை போட்டு, இடிபட்ட கார்களுக்கு நசுங்கல் எடுத்துக்கொண்டிருந்தார் அவர். ஊரே அவரை டிங்கர் என்றுதான் கூப்பிட்டது. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. நான் காந்திகிராமத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஊருக்குள் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என்னைவிட அவருக்குப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். ஆனாலும் வாய் நிறைய டீச்சர், டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

காலை எட்டு மணிக்குச் சத்தம் தொடங்கும். முதலில் மரச்சுத்தி, தொப்புத் தொப்பென்று. பிறகு உருண்டைத் தலைச் சுத்தியல், சின்னச் சின்னதாக, ஒரே சீராக. தகட்டின் உள்பக்கம் இரும்புக் கட்டி ஒன்றை இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் தட்டுவார். அந்தக் கட்டிக்கு டாலி என்று பெயர். ஏழெட்டு டாலி வைத்திருந்தார். குதிகால் மாதிரி ஒன்று, பணியாரம் மாதிரி ஒன்று. அளவுகோல் எதுவும் கிடையாது. பழைய வேட்டித் துண்டைத் தகட்டின் மேல் விரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்துவார். "வெறுங்கையில தடவுனா வழுக்கிக்கிட்டுப் போயிரும். துணி போட்டாத்தேன் மேடு பள்ளம் சொல்லும்" என்பார்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான், தூக்குச் சட்டியைக் கார் பானெட்டில் வைத்துக்கொண்டு. கையில் வேலை இல்லாதபோது கொட்டகைக்கும் ரோட்டுக்குமாக நடப்பார். போகிற வருகிற வண்டிகளின் ஒடுக்குகளை எண்ணுவார். பக்கத்தில் நின்றால் நமக்கும் கால் நிற்காது.

அவருடைய வேலைக்கு ஒரு சட்டம் இருந்தது. நசுங்கிய தகட்டில் எந்த அடி கடைசியாக விழுந்ததோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதற்கு முந்தையது அடுத்தது. முதலில் விழுந்த அடி கடைசியில்தான் வெளியே வரும். மாற்றி எடுத்தால் மடிப்பு உள்ளேயே நின்றுவிடும், தகடு நீண்டு போகும், அப்புறம் யார் வந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே என்ன நடந்தது என்று வரிசையாகத் தெரியாமல் அவர் சுத்தியலைத் தொட மாட்டார். வண்டி கொண்டுவந்தவர்கள் பொய் சொன்னால் தகட்டையே கேட்டுக்கொள்வார். கேட்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியாது.

டவுன் பஸ் டிரைவர் ஒருவர், மாடு வந்து முட்டிவிட்டது என்று ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்தார். இவர் தடவிப் பார்த்துவிட்டு, நாலு பேர் நிற்கும்போது, "மாடு முட்டுனா கீழ இருந்து மேல போகும்ணே. இது நீங்க ரிவர்ஸ் எடுக்கையில போஸ்ட் மரத்துல வச்சது" என்று சொல்லிவிட்டார். டிரைவர் முகம் கருத்துப் போனது. இவருக்கோ, அந்த மனிதர் ஏன் கோபப்படுகிறார் என்றே புரியவில்லை.

எங்கள் வீட்டிலும் அது நடந்தது. அம்மாவின் பித்தளைக் குடம் குழாயடியில் விழுந்துவிட்டது என்று அவரிடம் கொடுத்தோம். துணி போட்டுத் தடவினார். "ரெண்டு ஒடுக்கு இருக்கும்மா. ஒண்ணு விழுந்தது. இன்னொண்ணு விழுந்ததில்ல, எறிஞ்சது. செவுத்துல பட்டிருக்கு" என்றார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பா மேற்குச் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் ஒரு கைப்பிடி அளவுக்குக் காரை பெயர்ந்திருந்ததை அன்றுதான் நானும் கவனித்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் சங்கதி வெளியே வராதவரைக்கும் எல்லாருக்கும் சிரிப்புத்தானே வரும்.

நானும் அம்மாவும் சண்டை போட்டால் மதில் மேல் அவர் தலை தெரியும். "கடைசியா யாரு என்ன சொன்னது? அதை மொதல்ல எடுங்க. பழசையெல்லாம் பெறகு பாத்துக்கிரலாம்." அம்மாவுக்கு ஆத்திரமாக வரும். "ஏன்யா, எங்க வாயி என்ன தகரமா?" என்பாள். ஆனால் அவர் சொன்னபடி கடைசிச் சொல்லை வாபஸ் வாங்கினால் சண்டை பாதி அடங்கிவிடுவது உண்மை. எனக்கு அவரைப் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

சித்தையன்கோட்டையில் இருக்கும் என் அத்தையின் மகன் செல்வராசுவுக்கு என்னைப் பேசி, பூ வைத்தாகிவிட்டது. செல்வராசு பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பின் முதலாளியிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அதிகம் பேச மாட்டான். நான் பேசுவதில் பாதியைக் கேட்டுக்கொண்டு, மீதிக்குச் சிரிப்பான். நான் படித்தவள், அவன் டிரைவர் என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அவன்தான் வேண்டும் என்று இருந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தக் கார் ரோட்டில் போகும் சத்தம் வகுப்புக்குள் கேட்டால் எனக்கு வாய்ப்பாடு தடுமாறும்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கார் டிங்கர் கொட்டகைக்கு வந்தது. இடது பக்க மட்கார்டும் பானெட்டின் ஓரமும் அகலமாக அமுங்கியிருந்தன. "புளியமரத்துல உரசிருச்சுண்ணே" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனான் செல்வராசு. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, "ரொம்பவா அடிபட்டிருக்கு?" என்று கேட்டேன்.

டிங்கர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெறுங்கையால் தடவினார். முகப்பு விளக்கின் விளிம்பில் குனிந்து பார்த்து, இரண்டு விரலால் எதையோ பிடித்து எடுத்தார்.

"மரமில்ல டீச்சர். மரம்னா தகடு கிழியும், பட்டை ஒட்டும். இது மெத்துன்னு ஒண்ணு வந்து விழுந்த பள்ளம். வண்டியைக் கழுவிட்டு வேற கொண்டாந்திருக்காரு தம்பி." கையை நீட்டினார். "இந்தா பாருங்க. முடி."

கருப்பாக, நீளமாக நாலைந்து இழைகள்.

அந்த ஒரு சொல்லைப் பற்றி நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பது மயிர். ஆனால் அது வசவுச் சொல்லும்கூட. ஒரு டீச்சர் முன்னால் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் முடி என்றார். முடி என்றதும் எனக்கு ஒரு தலை தெரிந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமைதான், சின்னாளப்பட்டி பக்கம் ரோட்டோரம் யாரோ மண்டை உடைந்து கிடந்ததாகப் பள்ளியில் பேசிக்கொண்டார்கள். அப்படிக் கிடந்தவர் இளநீர் வெட்டத் தென்னையில் ஏறி விழுந்தவர் என்பது எனக்குத் தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஆளா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? உசுருள்ளதாட்டம் இருக்கு" என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு டீக்கடைக்குப் போய் டீக்கடைக்காரரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். மதியம் முதலாளியே வந்து கேட்டபோது அவரிடமும். முடியைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்ததால் எல்லாரிடமும் பிரித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் செல்வராசுவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார் முதலாளி. நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, பூ வைக்கும்போது அத்தை கொடுத்த புடவையை எடுத்துக்கொண்டு சித்தையன்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், அத்தை மடியில் போட்டுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் செல்வராசு சைக்கிளில் வந்தான். வாசற்படியிலேயே அவனை நிறுத்தினேன். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் விடவில்லை.

"ஆளைப் போட்டுட்டு வண்டியைக் கழுவுன கையால நான் தாலி வாங்க மாட்டேன்" என்றேன்.

என் குரல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அவன் என்னையே பார்த்தான். "சரி" என்றான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். எனக்கு அன்று நியாயத்தின் பக்கம் நிற்பதாகப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமைதான் டிங்கர் அந்த மட்கார்டில் கைவைத்தார். பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். மரச்சுத்திச் சத்தம் கேட்டது. பத்து அடிகூட இருக்காது, நின்றுவிட்டது. மறுபடியும் தொடங்கும் என்று பார்த்தேன். தொடங்கவில்லை. அவர் வந்த நாளிலிருந்து அந்தக் கொட்டகை பகலில் அப்படி இருந்ததே இல்லை. அம்மாகூட எட்டிப் பார்த்தாள். வேட்டித் துண்டை மட்கார்டில் விரித்து, அதன் மேல் கையை வைத்தபடி அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு அந்தத் துண்டாலேயே கையைத் துடைத்துக்கொண்டு, காகிதப் பொட்டலத்தை மடியில் செருகி, பேகம்பூர் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னை அவர் ஆட்டிவைத்தார். எங்கள் வாசல் வழியாகத்தான் போனார், வந்தார். ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை. சுத்தியல் சத்தமும் இல்லை. ஏதோ இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கிறது, சொல்லத் தயங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மதிலருகில் போய் நின்று, "என்னன்னுதான் சொல்லுங்களேன்" என்றேன்.

"செத்த பொறுங்க டீச்சர். உங்க முறை இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

என் முறை சனிக்கிழமை காலை வந்தது. வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றார்.

"தப்பாப் பாத்துட்டேன் டீச்சர். வண்டி ஓடையில யாராச்சும் மேல விழுந்தா தகடு பின்னால ஒதுங்கும். பின்பக்கக் கரை மேடா நிக்கும். துணி போட்டுப் பாத்தா நாலு பக்கமும் கரை ஒரே உசரம். வண்டி நின்னுக்கிட்டு இருந்திருக்கு. மேல இருந்து நேரா விழுந்திருக்கு. அந்த முடியைப் பாத்த அவசரத்துல அன்னைக்கு நான் துணி போடல."

பேகம்பூரில் தோல் ஷாப்புக்குப் போய் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அங்கே தோல் உலர்த்திக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டாராம். வெள்ளாட்டு மயிர். விசாரித்ததில் நடந்தது வெளியே வந்தது. உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றி வந்த மாட்டு வண்டி, சக்கரம் குழியில் இறங்கிச் சாய்ந்திருக்கிறது. வழிவிட்டு ஒதுங்கி நின்ற காரின் மேல் ஒரு கட்டு அப்படியே சரிந்து விழுந்திருக்கிறது. வண்டிக்காரர் வயசாளி. முதலாளிக்குத் தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். அதனால் செல்வராசு புளியமரம் என்றான்.

"வண்டிக்காரரு தானாவே முதலாளிகிட்டப் போயிச் சொல்லிட்டாரு. நான் முதலாளியைப் பாத்து, நான் சொன்னது தப்புன்னு சொன்னேன். நேத்து டீக்கடையில சொன்னேன். அங்க கேட்டுட்டுப் போனவங்க ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சுச் சொன்னேன். மொத மொதல்ல உங்ககிட்டத்தேன் சொன்னேன். அதனால உங்ககிட்டக் கடைசி."

முதலாளி வண்டிக்காரரை ஒன்றும் செய்யவில்லையாம். புதுக் கயிறு வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். செல்வராசு சொன்ன பொய்க்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "பக்கத்து வீட்டுல இருக்கேன். வியாழக்கிழமையே எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா? உங்க சட்டமும் நீங்களும்!" என்று கத்தினேன்.

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "எனக்கு வேற விதமா எடுக்கத் தெரியாது டீச்சர்" என்றார். பிறகு, விட மாட்டாரே, கேட்டார்: "நீங்க யார் யார்கிட்டச் சொன்னீக?"

"அம்மாகிட்ட. அம்மா அத்தைகிட்ட."

"கடைசியா?"

நான் வாசற்படியைப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமை என் குரல் அவர் கொட்டகைக்கும் கேட்டிருக்கும்.

"அப்ப அங்கதேன் மொதல்ல போகணும்" என்றார்.

அன்று பகலெல்லாம் சுத்தியல் சத்தம் கேட்டது, சாயங்காலம் முதலாளியின் ஆள் ஒருவர் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை காலை சித்தையன்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அம்மாவிடம் தோழி வீட்டுக்கு என்று சொன்னேன். செல்வராசு தோட்டத்தில் கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சாக்கைக் கீழே வைத்தான். முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் அவன் வேலைக்குத் திரும்பப் போகவில்லை என்று அத்தை வாசலிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் அத்தை என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நான் சொன்னது தப்பு அத்தான். அதை எடுத்துக்கிறேன்" என்றேன். டிங்கர் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

அவன் கையில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கி எறிந்தான்.

"அன்னைக்கு உன்கிட்டச் சொல்லத்தேன் வந்தேன்" என்றான். "முதலாளிக்குச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். உனக்கில்ல."

"எனக்கெப்படித் தெரியும்?"

"கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை. என்ன நடந்துச்சுன்னு."

அவன் கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். எனக்குப் பேசத் தெரியும். அவன் கோபப்படவில்லை. "அந்த டிங்கர்கூடத் தகரத்தைக் கேட்டுட்டுத்தேன் சொல்றாரு. நீ என்னையக் கேக்கவே இல்லையே" என்றான். பிறகு சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டான். "வெயில் ஏறிக்கிட்டு வருது. பஸ்ஸுக்குப் போ." நான் வரப்பில் நின்றேன். அவன் அடுத்த பாத்திக்குப் போய்க் குனிந்தான். திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். பார்க்கவில்லை.

மதியம் திண்டுக்கல்லில் இறங்கினேன். வீட்டை நெருங்கும்போதே தெரிந்தது, அவர் கொட்டகைக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்வதில்லை, எனக்காகத்தான் நின்றிருக்கிறார். என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"எடுத்துட்டீகளா டீச்சர்?"

"எடுத்தாச்சு" என்றேன். சிரித்தேன்கூட.

அவர் என் முகத்தைப் பார்த்தார். இப்போது கேட்பார், எப்போது, எந்தப் பக்கமாக, தம்பி முதலில் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்பார், கேட்டால் நடு ரோட்டில் உடைந்துவிடுவேன் என்று நின்றேன். அவர் உதடு அசைந்தது. கேட்கவில்லை. அத்தனை வருடத்தில் அவர் கேட்காமல் விட்டது அந்த ஒன்றுதான்.

"உள்ள போங்க டீச்சர். வெயிலு" என்றார்.

அம்மா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டும் அழுகை வெளியே வந்தது. அப்போது பக்கத்துக் கொட்டகையில் மரச்சுத்திச் சத்தம் தொடங்கியது. வழக்கமான சீர் இல்லை, கண்மண் தெரியாத அடி, சுவர் அதிர்ந்தது. "ஞாயித்துக்கெழமைகூட இந்தாளுக்கு ஓய்வு ஒழிச்சல் இல்ல" என்று அம்மா வைதுகொண்டிருந்தாள். நான் அழுது முடிக்கிறவரை அவர் நிறுத்தவில்லை. அன்று கொட்டகையில் வண்டி எதுவும் இல்லை.